சுவரிற் பூத்த மலரும் மண்ணில் மறைந்த வேரும்

1663 ஆம் ஆண்டு செப்டெம்பரில், இலண்டன் கடற்படை அலுவலகத்துச் சாமுவேல் பெப்பீசு தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மூடுவதற்குச் சித்திரம் தீட்டிய இந்தியப் பருத்தித் துணியொன்றை வாங்கினார். சோழமண்டலக் கரையின் கைவினைஞர் மூங்கில் எழுதுகோலாற் கொடியும் மலரும் வரைந்த இத்தகைய துணிகள், அந்நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களிற் கட்டில் திரையாகவும் சுவர்ப் போர்வையாகவும் தொங்கின.

அம்மலர்கள் சிவந்தது எவ்வாறு? படிகாரக் கரைசலால் வரைந்த கோடுகள் சாயவேர் கொதித்த நீரிற் செந்நிறம் பெற்றன. அவ்வேரில் ஒரு பகுதி நம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அகழப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அதனைக் கொள்ளும் உரிமை கம்பனிக்கே இருந்தது. வேர் குத்துவதோ ஒடுக்கப்பட்ட சாதியார்மேற் சுமத்தப்பட்ட ஊழியம்.

இத்துணிகளின் அழகு ஐரோப்பிய நெசவுத்தொழிலை அச்சுறுத்தவே, சட்டங்கள் எழுந்தன. பிரான்சு 1686 இல் தடைவிதித்தது. இங்கிலாந்து 1700 இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721 இல் உடுப்பதையும் வீட்டில் விரிப்பதையுங்கூடக் குற்றமாக்கியது. 1774 இல் அத்தடை தளர்ந்தபோது பயன்பெற்றது ஆங்கிலேயரின் பருத்தித் தொழிலே. சுதந்திர வாணிபம் பேசிய நாடு, தன் ஆலைகள் வளரும்வரை சட்டத்தையே வேலியாகக் கொண்டது.

இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் அம்மலர்கள் இன்றும் வாடாதிருக்கின்றன. வரைந்தவன் பெயர் அங்கில்லை; வேர் குத்தியவன் நினைவுமில்லை. வகுப்பறையில் மலரை மட்டும் காட்டி அமைவோமாயின், நாம் பாதி வரலாற்றையே கற்பித்தவராவோம்.