ஜீப் வகை வண்டிகளின் முன் சஸ்பென்ஷன்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளில் முன் சக்கரங்களைப் பொருத்த இரண்டு முறைகள் உண்டு. இரு சக்கரங்களையும் ஒரே இரும்பு ஹவுசிங்கால் இணைப்பது ரிஜிட் ஆக்சில். ஒவ்வொரு சக்கரமும் தனக்குரிய ஆர்ம்களில் தனியாக ஏறி இறங்குவது இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருந்துகொண்டு மஹிந்திரா தார் வாங்குவதா, மாருதி ஜிம்னி வாங்குவதா என்று யோசிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், வில்பட்டை. அந்த வழியில் வந்த மஹிந்திரா ஜீப்புகள்தான் தமிழக மலைத்தோட்டங்களின் பாதைகளில் பல பத்தாண்டுகளாக ஆளும் சுமையும் ஏற்றின. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் அதே கட்டுமானம். திருப்பம் 2010இல் வந்த முதல் தாரில் தெரிந்தது: அதன் சிஆர்டிஇ டீசல் என்ஜின் வகைக்கு முன்னால் டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி கொண்ட இண்டிபெண்டன்ட் அமைப்பு கிடைத்தது. 2020இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைத் தார், சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு அருகிலுள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலியில் உருவானது. அதில் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் கொண்ட இண்டிபெண்டன்ட் அமைப்பான டபுள் விஷ்போன், பின்னால் காயில் ஸ்பிரிங்கோடு ரிஜிட் ஆக்சில். 2021இன் ஃபோர்ஸ் கூர்க்காவும் முன்பக்கத்தை இப்படியே மாற்றிக்கொண்டது. 2023இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி மட்டும் இரண்டு பக்கமும் ரிஜிட் ஆக்சிலையே வைத்திருக்கிறது. வெளிநாட்டிலும் இதே பிளவுதான். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 1998இன் 100 வரிசையிலும், லேண்ட் ரோவர் டிஃபென்டர் 2019இலும் மாறின. ஜீப் ரேங்ளர் மாறவில்லை.

பாறையில் ரிஜிட் ஆக்சிலின் பலம் எளிதில் விளங்கும். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால், சீசா பலகையைப் போல மறுமுனை கீழே அழுத்தப்படுகிறது. இரண்டு டயர்களும் தரையைப் பிடித்திருக்கின்றன. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஹவுசிங் சக்கரங்களோடு சேர்ந்தே ஏறுவதால், வண்டி எவ்வளவு அமுங்கினாலும் ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையாது. இண்டிபெண்டன்ட் அமைப்பில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுக்கப்பட்டிருக்கும். வண்டி நிற்கும்போது அது உயரத்தில் பத்திரமாகத் தெரியும். பள்ளத்தில் முன்பக்கம் அமுங்கும்போது அதுவும் கூடவே இறங்கும். சக்கரத்தின் ஏற்ற இறக்க அளவும் குறைவு என்பதால் ஒரு டயர் சீக்கிரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் என்ஜினின் விசை அந்தத் தொங்கும் டயரைச் சுற்றுவதிலேயே வீணாகும். கூர்க்காவில் முன்னும் பின்னும் உள்ள, இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லாக் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. நல்ல லாக் இருக்கும் இண்டிபெண்டன்ட் வண்டி, லாக் இல்லாத ரிஜிட் ஆக்சில் வண்டியைப் பல இடங்களில் முந்திவிடும். இரு அமைப்புகளையும் ஒப்பிடும்போது பலரும் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான்.

தார்ச்சாலையில் நிலைமை தலைகீழ். ரிஜிட் ஆக்சிலில் ஹவுசிங்கின் முழு எடையும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. ஒரு பக்கக் குழி மறுபக்கச் சக்கரத்தையும் சாய்த்து ஸ்டீயரிங்கில் உதைக்கும். அந்த உதையைத் தணிக்கவே ஜிம்னிக்குத் தனியாக ஸ்டீயரிங் டேம்பர் கொடுத்திருக்கிறார்கள். தி.நகரின் வேகத்தடைகளிலும், மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய மயிலாப்பூர்ச் சாலைகளிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்திலும் இண்டிபெண்டன்ட் அமைப்பே உடம்பையும் கையையும் காப்பாற்றும். வாரம் முழுக்க நகரத்தில் ஓடி, எப்போதாவது மலையேறும் வண்டிக்கு அதுவே சரியான தேர்வு. எஸ்டேட் பாதையே அன்றாட வழியாக உள்ளவருக்கு ரிஜிட் ஆக்சில்தான் வேண்டும்.

வெள்ளத்தில் இந்த வேறுபாடு பெரிதாக உதவாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தேங்கியது போன்ற நீரில், வண்டி தப்புமா என்பதைக் காற்றிழுக்கும் குழாயின் உயரமே பெரும்பாலும் தீர்மானிக்கும். தார் கடக்கக்கூடியதாக நிறுவனம் அறிவித்துள்ள நீரின் ஆழம் 650 மில்லிமீட்டர். ஆனால் நீரிலிருந்து மீண்ட பிறகு பார்க்க வேண்டியவை இரு அமைப்புகளுக்கும் வேறு. சூடான ஆக்சில் ஹவுசிங் நீரில் சட்டென்று குளிரும்போது, மூச்சுக்குழாய் சரியில்லையென்றால் உள்ளே நீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறமாகியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். தாரின் பின் ஆக்சிலுக்கும் இது பொருந்தும். இண்டிபெண்டன்ட் முன்பக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் வளையும் இணைப்பான சிவி ஜாயின்டின் ரப்பர் பூட். அது கிழிந்தால் சேறு புகுந்து ஜாயின்டையே தின்றுவிடும்.

பராமரிப்பில் ரிஜிட் ஆக்சிலுக்குத் தேயும் பாகங்கள் குறைவு. இண்டிபெண்டன்ட் அமைப்பில் மேல் கீழ் பால் ஜாயின்ட், புஷ் எனப் பல. கதீட்ரல் சாலையைத் தலைமையிடமாகக் கொண்ட ராணே குழுமத்தின் ராணே மெட்ராஸ் நிறுவனம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புப் பாகங்களைத் தயாரிக்கிறது. புது உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை என்பது சென்னை மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் பால் ஜாயின்டைப் பழையதாக வாங்கக் கூடாது. அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

வண்டியை உயர்த்துவது ரிஜிட் ஆக்சிலில் எளிது. நீளமான ஸ்பிரிங் போட்டாலே பெரும்பகுதி வேலை முடியும். இண்டிபெண்டன்டில் உயர்த்தினால் சிவி ஜாயின்டின் கோணம் கூடி, அது விரைவில் தேயும். எந்த வகையானாலும், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கூடுதல் உயரம் வேண்டுவோர் அது தொழிற்சாலையிலேயே அமைந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.