படகே வீடு, பரிசலே வழி

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள், பரிசலில் ஒரு சுற்றுப் போய்த் திரும்புகிறார்கள். ஓய்வு பெற்றபின் தர்மபுரியில் மகள் வீட்டோடு இருப்பதால், எனக்கு அங்கே அடிக்கடி போக வாய்க்கிறது. போகும்போதெல்லாம் பரிசலைவிட, அதை ஓட்டுகிறவரின் குடும்பத்தைப் பற்றித்தான் யோசனை ஓடும். அதற்குக் காரணம் என் பள்ளிப் படிப்பு.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் காவிரிக்கு முன்பே சேன் நதி பாடமாக வந்துவிட்டது. பூகோளப் புத்தகத்தில் 'பெனிஷ்' என்ற நீளமான சரக்குப் படகின் படம் இருந்தது. அதன்மேல் துணி காயும் கொடி, பூந்தொட்டி, ஒரு நாய். படகிலேயே ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது எங்களுக்கெல்லாம் பொறாமை. ஏன் அங்கே குடியிருந்தார்கள் என்று மட்டும் பாடத்தில் இல்லை. அதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தின் கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அங்கே 1760களில் கால்வாய்கள் வெட்டத் தொடங்கினார்கள். பல கால்வாய்களில் மதகுப் பூட்டுகள் ஏழடிக்குச் சற்றே கூடுதல் அகலம். அதனால் படகும் ஏழடி அகலம்தான். நீளம் மட்டும் எழுபது அடி வரை போகும். ஆரம்பத்தில் படகோட்டிக்குக் கரையில் வீடு இருந்தது. 1830களுக்குப் பிறகு ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. வாடகை விழுந்தது, கூலி குறைந்தது. கரை வீட்டுக்கு வாடகை கொடுக்கவும், கூலி கொடுத்து ஆள் வைக்கவும் முடியாமல் பலர் மனைவி மக்களைப் படகுக்கே கொண்டுவந்தார்கள். மனைவி சுக்கான் பிடித்தாள், பிள்ளைகள் குதிரையை நடத்தினார்கள். சம்பளமில்லாத வேலையாட்கள்! எழுபது அடிப் படகில் பெரும்பகுதி சரக்குக்கு. பின்னால் சுமார் பத்தடி நீள அறை ஒன்றுதான் குடும்பத்துக்கு. சமையல் அடுப்பு, மடக்குக் கட்டில், பிரசவம், நோய் எல்லாம் அதற்குள்ளே. தவழும் குழந்தை தண்ணீரில் விழாதிருக்கக் கயிற்றால் கட்டிவைப்பதும் உண்டு.

ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் குரல் கொடுத்ததால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்யவேண்டும், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று கணக்கு இருக்கவேண்டும். 1884இல் அதைத் திருத்தி, பிள்ளைகளின் படிப்பையும் கண்காணிக்கச் சொன்னார்கள். ஆனால் இன்று இங்கே, நாளை எங்கோ என்று போகும் பிள்ளையை எந்தப் பள்ளிப் பதிவேட்டில் சேர்ப்பது? ஆயுள் முழுக்கப் பதிவேட்டோடு வாழ்ந்த எனக்கு அந்தக் குமாஸ்தாக்களின் திண்டாட்டம் நன்றாகப் புரிகிறது.

உறவினர் வீட்டுக்குப் போவது என்பதும் அவர்களுக்கு நம்மைப்போல் இல்லை. அண்ணன் படகும் தங்கை படகும் எதிரெதிரே வந்தால் கடக்கும் அந்தச் சில நிமிடத்தில் நலம் விசாரிப்பார்கள். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நாட்களில்தான் ஆற அமரப் பேச்சு. பிரான்சில் சேனும் உவாஸும் கூடும் கோன்ஃப்லான் சேந்த் ஒனொரின் என்ற ஊர் படகுக் குடும்பங்களின் தாய்வீடு மாதிரி. 1930களிலிருந்து அங்கே ஒரு படகே தேவாலயமாக நிற்கிறது. ஜூன் மாதத்தில் படகுக்காரர்களின் திருவிழாவும் நடக்கும்.

இன்று அதே ஏழடிப் படகுகளில் இங்கிலாந்தில் பலர் விரும்பியும், வீட்டு வாடகைக்குப் பயந்தும் குடியிருக்கிறார்கள். நிலையான துறை இல்லாதவர்கள் ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்குமேல் நிற்கக்கூடாது என்று 1995ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பார்க்கப் போகும் உறவினர், "இந்த வாரம் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

இனி நம் காவிரிக்கு வருவோம். பரிசலில் யாரும் குடியிருக்க முடியாது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, முன்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தார் பூசுகிறார்கள். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்கும் இத்தகைய வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வேலை முடிந்தால் ஓர் ஆளே தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு போகலாம்.

வீடு கரையில் இருக்கிறது; பரிசல் உறவைக் கொண்டுவருகிறது. ஒகேனக்கல்லில் காவிரிதான் மாநில எல்லை. அக்கரையில் கோபிநத்தம் போன்ற கர்நாடக ஊர்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. சாலையில் போனால் மேட்டூரைச் சுற்றவேண்டும். பரிசலில் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் சட்டென்று போய்ச் சேரலாம்.

கீழே மேட்டூரில் நிலைமை வேறு. 1934இல் அணை முடிந்தபோது ஊர்கள் மூழ்கின. நீர் வெகுவாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் இன்றும் தலைகாட்டும். அந்த நீர்த்தேக்கக் கரையில் முகாமிடும் மீனவர்கள் நீர் ஏறினால் குடிசையை மேலே மாற்றுகிறார்கள், இறங்கினால் கீழே. கவிழ்த்த பரிசல் வெயிலுக்கு நிழல். என் பாடப்புத்தகத்துப் பெனிஷுக்கு நம் ஊரில் கிட்டத்தட்டப் பொருந்துவது இதுதான்.

உறவுகள் கூடும் நாள் என்றால் ஆடிப்பெருக்கு. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும், பேரன் பேத்திகளும் ஒகேனக்கல்லில் நிறைவார்கள். அன்று பரிசலுக்கு நல்ல கிராக்கி இருக்கும். ஆனால் கர்நாடக அணைகள் நிரம்பி நீர் வருவதும் அதே பருவத்தில்தான். பிலிகுண்டுலுவில் அளவு ஏறியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போடும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டியது. தடை சரியானதே, உயிர் முக்கியம். ஆனால் வீடு நிறைய விருந்தாளி வரும் நேரத்தில் ஓட்டுகிறவர் கையில் காசு இருக்காது. தடை நாட்களில் வட்டிக்கு வாங்குவோம் என்று ஒரு பரிசல்காரர் என்னிடம் சொன்னார்.

ரயில் வந்தபோது ஆங்கிலப் படகோட்டி வீட்டை இழந்தார். அவருக்காகச் சட்டம் வர நாற்பது வருடம் ஆனது. கடலில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர்களுக்கு நிவாரணம் தருகிறோம். அந்த முறையில் பரிசல்காரருக்கும் தடை நாள் கணக்கு ஒன்று எழுத ஒரு பதிவேடும் ஒரு குமாஸ்தாவும் போதும். அடுத்த முறை பரிசல் ஏறும்போது, போன ஆடியில் எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.