மலையே இல்லாத சென்னையில் மலையேறலாம்! 45 நிமிட இன்டோர் சைக்கிளிங் வகுப்பை வடிவமைப்பது எப்படி?

சென்னையில சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் ஒரு ரகசிய வருத்தம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடையாறில் கிளம்பி, ஈ.சி.ஆர் பிடித்து மாமல்லபுரம் வரை போய் வந்துவிடுவீர்கள். ஆனால், வழியில் மலை என்று ஒன்றுமே வராது. நகரத்துக்குள் நமக்குக் கிடைக்கும் 'மலைகள்' எல்லாம் பாலங்கள்தான். ஜெமினி மேம்பாலம், தி.நகர் உஸ்மான் சாலை மேம்பாலம், அடையாறு திரு.வி.க. பாலம்... எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் உச்சி வந்துவிடும். அப்புறம் இறக்கம்தான்.

ஆனால் நிஜமான மலை அப்படி இல்லை. அங்கே ஏற்றம் ஆரம்பித்தால் நிற்காது. கால் கெஞ்சினாலும் ஓய்வு கிடைக்காது. அதனால்தான் ஈ.சி.ஆரில் நூறு கிலோமீட்டர் அசால்ட்டாக ஓட்டுபவர்கள்கூட ஏலகிரியின் நாலாவது வளைவில் இறங்கி நிற்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க இருக்கும் வழிதான், மலையேற்றத்தை மையமாக வைத்த இன்டோர் சைக்கிளிங் வகுப்பு. அப்பார்ட்மென்ட் ஜிம்மில் நண்பர்களுக்காக நீங்களே ஒரு வகுப்பு நடத்தப் போகிறீர்களா? இல்லை, நீங்கள் போகும் வகுப்பு சரியாகத்தான் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ரெண்டு பேருக்குமே இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தது இது?

1980-களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் இதை ஆரம்பித்தவர், தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜொனாதன் கோல்ட்பெர்க். 'ஜானி ஜி' என்றால்தான் பலருக்குத் தெரியும். அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் நெடுந்தூர சைக்கிள் போட்டிக்குத் தயாராக, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய அவர் உருவாக்கிய சைக்கிள்தான் இன்று உலகம் முழுக்க ஜிம்களில் நிற்கிறது. 'ஸ்பின்னிங்' என்பது பதிவுசெய்யப்பட்ட வணிகப் பெயர். பொதுவான பெயர், இன்டோர் சைக்கிளிங்.

ஏற்றத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது?

சமதளத்தில் வேகமாகப் போகும்போது நம் பெரிய எதிரி காற்று. மலையில் எதிரி, நம்ம எடைதான்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ. 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள். புவியீர்ப்பை ஜெயிக்க மட்டுமே சுமார் 130 வாட்ஸ் சக்தி தேவை. ஏறக்குறைய ரெண்டு சாதாரண சீலிங் ஃபேன்களை உங்கள் கால்களே ஓட்டுகிற மாதிரி! அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 10 மீட்டர் உயரம் ஏறுவீர்கள். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரம் சுமார் 37 மீட்டர். அதாவது, நாலு நிமிடத்துக்கு ஒரு கோபுரம்.

ஒரு கோபுரம் ஏறுவது பெரிய விஷயம் இல்லை. நிற்காமல் பத்து, பதினைந்து கோபுரம் ஏற வேண்டும் என்பதுதான் மலை. ஆகவே, மலையேற்ற வகுப்பு சொல்லித்தர வேண்டியது முரட்டு பலத்தை அல்ல. இருக்கும் பலத்தைக் கடைசி வரை பங்கு போட்டுச் செலவழிக்கும் கலையை. 'டைட் பண்ணு... இன்னும் டைட் பண்ணு' என்று கத்துவது மட்டுமே மலை வகுப்பு ஆகாது.

முதலில் சீட்டைச் சரிபாருங்கள்

ஏற்றத்தில் முழங்காலுக்குச் சுமை அதிகம். சீட் தப்பாக இருந்தால் முதல் வாரமே வலி வந்துவிடும். எனவே, வகுப்பு தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

* சைக்கிள் பக்கத்தில் நின்றால், சீட் உங்கள் இடுப்பு எலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும்.

* பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் ரொம்ப உயரம்.

* ரெண்டு பெடலும் சம உயரத்தில் இருக்கும்போது, முன் காலின் முட்டி, பெடல் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும்.

* புதிதாக வருபவர்களுக்கு ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். முதுகு நன்றி சொல்லும்.

பல சைக்கிள்களில் ரெசிஸ்டன்ஸ் திருகைக் கீழே அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும். உங்கள் மாடலில் பிரேக் எது என்பதை எல்லாருக்கும் ஒரு தடவை செய்து காட்டுங்கள். ரோட்டு சைக்கிளில் பெடல் போடுவதை நிறுத்தினால் கால் சும்மா இருக்கும். பெரும்பாலான இன்டோர் சைக்கிள்களில் கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு சேர்ந்து காலும் சுற்றும். இது தெரியாமல் சட்டென்று நிறுத்தப் பார்ப்பவர்கள்தான் கணுக்காலில் அடி வாங்குகிறார்கள்.

ரெண்டே எண்கள் போதும்

முதல் எண், ஆர்.பி.எம். ஒரு நிமிடத்தில் கால் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. சமதளத்துக்கு 80 முதல் 110. ஏற்றத்துக்கு 60 முதல் 80. 60-க்குக் கீழே போனால் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்று அர்த்தம். முட்டி அடி வாங்கும். வீரம் காட்டாமல் குறைத்துவிடுங்கள்.

இரண்டாவது எண், கஷ்டத்துக்கு நீங்களே போடும் மார்க். 1 என்றால் சோபாவில் உட்கார்ந்திருப்பது. 4 என்றால் பேசிக்கொண்டே ஓட்டலாம். 6 என்றால் ஒரு வாக்கியம் பேசி மூச்சு வாங்குவீர்கள். 8 என்றால் ரெண்டு வார்த்தைதான் வரும்.

திருகையில் இருக்கும் நம்பரைச் சொல்லி வகுப்பு நடத்தாதீர்கள். ஒரு சைக்கிளில் இருக்கும் 12-ம் பக்கத்து சைக்கிளில் இருக்கும் 12-ம் ஒன்றாக இருக்காது. 'ஆறு மார்க் கஷ்டம், எழுபது சுற்று' என்று சொன்னால் போதும். அறுபது வயது மாமியும் இருபத்துநாலு வயது ஐ.டி பையனும் ஒரே மலையை, ஒரே தாளத்தில், அவரவர் சுமையோடு ஏறலாம். குரூப் வகுப்பின் அழகே அதுதான்.

ஏலகிரியை ரூமுக்குள் கொண்டு வருவோம்

வகுப்புக்கு ஒரு நிஜ மலையை மாடலாக வைத்தால் மனசில் நிற்கும். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. முதல் வகுப்புக்குப் பொருத்தமானது ஏலகிரி. திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மலைக்கு 14 வளைவுகள்தான். அந்த வளைவுகளுக்குத் திருவள்ளுவர், பாரதியார் போன்ற புலவர்களின் பெயர்களும், பாரி, காரி போன்ற வள்ளல்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். வகுப்பு நடத்துபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதோ, 45 நிமிடத் திட்டம்.

0 - 8 நிமிடம், அடிவாரச் சாலை: ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டே சமதளத்தில் போகிறீர்கள். 80 - 95 சுற்று, கஷ்டம் 3 முதல் 4. வார்ம் அப்பைச் சுருக்க வேண்டாம்.

8 - 18 நிமிடம், முதல் ஏற்றம்: முழுக்க உட்கார்ந்தே. ரெண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துளி ரெசிஸ்டன்ஸ் கூட்டுங்கள். சுற்று 75-ல் ஆரம்பித்து 65-க்கு வரும். கஷ்டம் 5-லிருந்து 6. சீட்டின் பின்பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். தோள் தளர்வாக இருக்கட்டும். இதுதான் வகுப்பின் இதயம். 'போர் அடிக்குதே' என்று யாராவது சொன்னால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். மலையும் இப்படித்தான் போர் அடிக்கும்.

18 - 20, வியூ பாயின்ட்: சுமையைக் குறைத்துத் தண்ணீர் குடிக்கலாம்.

20 - 34, பதினாலு வளைவுகள்: வளைவுக்கு ஒரு நிமிடம். முதல் 20 நொடி எழுந்து நின்று மிதிக்க வேண்டும். மீதி 40 நொடி உட்கார்ந்து ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் எப்போதும் செங்குத்தாக இருக்கும்; அதைக் கடக்க எழுந்து நிற்பது மாதிரி. சுற்று 60 - 70, கஷ்டம் 6 முதல் 7. நிற்கும்போது சுமையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், உட்காரும்போது பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். நிற்கும்போது உடம்பு எடை காலில் இருக்க வேண்டும், கையில் அல்ல. சீட்டின் முனை தொடையின் பின்பக்கம் உரசினால் நீங்கள் நிற்பது சரி. ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் சொல்லுங்கள். 'பாரி தேரையே கொடுத்தார்... நீங்க இருபது செகண்டு குடுங்க!'

34 - 36, மீண்டும் ஓய்வு.

36 - 40, கடைசி ஏற்றம்: கஷ்டம் 8. ஆனால், சுற்று 60-க்குக் கீழே போகவே கூடாது. நிற்பதா உட்காருவதா என்பது அவரவர் விருப்பம்.

40 - 45, கூல் டவுன்: மெதுவாக மிதித்து மூச்சைச் சமநிலைக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் இறங்கி, தொடை, கெண்டைக்கால், இடுப்புக்கு ஐந்து நிமிடம் ஸ்ட்ரெச்சிங்.

பிளேலிஸ்ட் ரகசியம்

பாட்டு சும்மா உற்சாகத்துக்கு இல்லை. அதுதான் உங்கள் மெட்ரோனோம். பாட்டை ஓடவிட்டு 15 நொடிக்கு எத்தனை பீட் என்று விரலால் தட்டி எண்ணுங்கள். அதை நாலால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு. 128 வந்தால், ரெண்டு பீட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்து 64 ஆர்.பி.எம். ஏற்றத்துக்கு கனகச்சிதம்!

குத்துப் பாட்டை எல்லாம் முதலிலேயே கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிட ஏற்றத்துக்கு நிதானமான, அழுத்தமான தாளம் போதும். பறையும் தவிலும் வெடிக்கும் பாட்டைக் கடைசி நாலு நிமிடத்துக்குப் பத்திரப்படுத்துங்கள்.

இதெல்லாம் வேண்டாமே!

ஹேண்டில்பாரில் புஷ் அப், சைக்கிள் மேல் உட்கார்ந்து டம்பெல்ஸ், பின்னோக்கி மிதிப்பது... ரீல்ஸில் பார்க்க நன்றாக இருக்கும். மலையேற ஒரு பிரயோஜனமும் இல்லை. கழுத்துக்கும் முதுகுக்கும்தான் செலவு.

இதை மட்டும் மறக்காதீங்க

முதல் முறை வருபவரை 45 நிமிடமும் தாக்குப்பிடிக்கச் சொல்லி உசுப்பேற்றாதீர்கள். பழக்கமில்லாத தொடைத் தசைகளைத் திடீரென்று மிதமிஞ்சி வேலை வாங்கினால், தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகே இப்படி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2017-ல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்த ஒன்றிரண்டு நாளில் தொடை கடுமையாக வலித்து வீங்குகிறதா? காலை மடக்க முடியவில்லையா? சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போகிறதா? 'ஒர்க் அவுட் வலிதான், சரியாயிடும்' என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதனால், புதியவர்களுக்கு முதல் நாள் 20 - 25 நிமிடம், கஷ்டம் 5-க்கு மேல் வேண்டாம். வளைவுகளில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே ஏறட்டும். 'எப்போ வேணும்னாலும் சுமையைக் குறைக்கலாம், இறங்கிப் போகலாம்' என்பதை வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கூச்சம்! இதய நோய், உயர் ரத்த அழுத்தம், முட்டி வலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

இன்னொன்று, நம்ம ஊர் புழுக்கம். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாது; உடம்புச் சூடும் இறங்காது. மூடிய ரூமில் பத்து பேர் மிதித்தால் சொல்லவே வேண்டாம். ஏ.சி இருந்தாலும் ஃபேன் கட்டாயம். கையோடு தண்ணீர் பாட்டில், முடிந்ததும் உப்பு போட்ட நீர்மோர். தலை சுற்றல், நெஞ்சு வலி, குமட்டல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நொடியில் பொய் சொல்லாதீர்கள்

வகுப்பு நடத்துபவருக்கு ஒரு கடைசி டிப்ஸ். 'லாஸ்ட் 30 செகண்ட்ஸ்' என்றால் 30 நொடியில் முடித்துவிடுங்கள். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று இழுத்தால், அடுத்த முறை யாரும் உங்களை நம்பி சக்தியைச் செலவழிக்க மாட்டார்கள். ஏற்றம் எவ்வளவு மிச்சம் என்று சரியாகத் தெரிந்தால்தான் ஒருவரால் பலத்தைப் பங்கு போட முடியும். வளைவுகளில் நம்பர் பலகை வைத்திருப்பது மிதிப்பவருக்கு எவ்வளவு ஆறுதல் என்பது மலையேறியவர்களுக்குத் தெரியும். ரூமுக்குள் அந்தப் பலகை நீங்கள்தான்.

வாரத்துக்கு ரெண்டு வகுப்பு, நடுவில் ஒரு நாளாவது இடைவெளி என்று ரெண்டு மாதம் போனால் கால் தயாராகிவிடும். ஆனால், கியர் மாற்றுவது, பேலன்ஸ், எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்குவது, முக்கியமாக இறக்கத்தில் பிரேக் பிடிப்பது... இதெல்லாம் ரூமுக்குள் வராது. ஆகவே நிஜ ஏலகிரிக்கு முதல் முறை போகும்போது, மலைச்சாலையில் ஓட்டிப் பழகிய ஒருவரோடு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள்.

நாலாவது வளைவில் இந்த முறை இறங்க மாட்டீர்கள்!