நடுங்க வைத்த ஏழு நாவல்கள்

1798ஆம் வருடம், அக்டோபர் 24. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு பயணியர் விடுதி. கென்ட் மாகாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்பும் ஒரு பாதிரியார் குடும்பம் அன்றிரவு அங்கே தங்கியிருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கணப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வயது மகள் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அறுபத்தேழு வயது பாதிரியார் என்ன செய்கிறார்? பைபிள் படிக்கிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். லைப்ரரியிலிருந்து இரவல் எடுத்த 'தி மிட்நைட் பெல்' என்ற நாவலை மும்முரமாகப் படித்துக் கொண்டிருக்கிறார். அந்த வருடம்தான் வெளியான பேய்க்கோட்டை மர்ம நாவல் அது!

மகள் இதை வெட்கப்படாமல் அக்காவுக்கு எழுதுகிறாள். (அதே கடிதத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. அவளுடைய எழுதுபெட்டி தவறுதலாக வேறொரு வண்டியில் ஏறி, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் கிரேவ்சென்ட் நோக்கிக் கிளம்பிவிட்டது. குதிரையில் ஆள் அனுப்பி இரண்டு மூன்று மைல் தாண்டிப் பிடித்தார்கள். அதற்குள் இருந்த ஏழு பவுண்டுதான் அவளுடைய மொத்த சொத்து.) அந்த மகளின் பெயர் ஜேன் ஆஸ்டின்.

இன்றைக்கு ஒரு த்ரில்லர் வந்தால் நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? "படிச்சிட்டியா?", "முடிவைச் சொல்லிடாதே", "இதெல்லாம் ஒரு கதையா?" என்று பேசிக்கொள்கிறார்கள். இருநூற்று சொச்சம் வருடங்களுக்கு முன்பும் இதே பேச்சுதான். அந்தப் பேச்சு ஒரு புத்தகத்தைக் கத்தரிக்கவும் செய்தது, ஏழு புத்தகங்களைக் காப்பாற்றவும் செய்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஆங்கிலத்தில் இந்த வகை நாவலைத் தொடங்கி வைத்தவர் ஹொரேஸ் வால்போல். 1764 டிசம்பரில் 'தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ' வந்தது. பழைய இத்தாலியக் கதை ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று புளுகியிருந்தார். இரண்டாம் பதிப்பில் "எழுதியது நான்தான்" என்று ஒப்புக்கொண்டதும், முதலில் பாராட்டிய 'மன்த்லி ரிவ்யூ' பத்திரிகை அப்படியே பல்டி அடித்தது. பழங்காலத்து ஆள் எழுதினால் ரசிக்கலாம், நம் காலத்து ஆள் எழுதினால் அபத்தமாம்!

அடுத்த முப்பது வருடங்களில் இது பெரிய வியாபாரமாகிவிட்டது. காரணம், வாடகைக்குப் புத்தகம் தரும் லைப்ரரிகள். நாவல் என்றால் மூன்று, நான்கு தொகுதிகள். அத்தனையும் காசு கொடுத்து வாங்க நடுத்தர வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. சந்தா கட்டினால் ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப் போகலாம். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் என்பவர் 'மினர்வா பிரஸ்' என்ற பதிப்பகத்தையும் பெரிய லைப்ரரி ஒன்றையும் சேர்த்தே நடத்தினார். அச்சடிப்பவரும் அவரே, வாடகைக்கு விடுபவரும் அவரே. வாசகருக்கு எது பிடிக்கிறது என்று அவருக்குக் கல்லாப்பெட்டியே சொல்லிவிடும். அவருக்காக எழுதியவர்களில் நிறைய பேர் பெண்கள். அவர்களில் ஒருவர் எலைசா பார்சன்ஸ். கணவருக்கு டர்பன்டைன் தொழில். கிடங்கு தீயில் எரிந்துபோனது, பிறகு கணவரும் இறந்துபோனார். கையில் எட்டுப் பிள்ளைகள். பேனாவை எடுத்தவர் ஏறக்குறைய இருபது நாவல்கள் எழுதினார். அப்படியும் பணம் போதாமல் எழுத்தாளர் நிதியிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

இதற்கு நேர் எதிர் ஆன் ராட்கிளிஃப். 1794இல் வந்த 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வுக்குப் பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண்டு. 1797இல் 'தி இட்டாலியன்' நாவலுக்கு 800. நாவல் எழுதும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு தொகை என்பது அன்றைக்கு வாயைப் பிளக்க வைக்கும் சமாச்சாரம்.

உடால்ஃபோவில் அப்படி என்ன இருக்கிறது? மலைக்கோட்டையில் சிக்கிக்கொண்ட எமிலி, ஓர் அறையில் கருப்புத் திரை போட்டு மூடிய ஒன்றைப் பார்க்கிறாள். திரையை விலக்குகிறாள், மயங்கி விழுகிறாள். உள்ளே என்ன இருந்தது? ஆசிரியை சொல்ல மாட்டார்! இது நடப்பது இரண்டாம் தொகுதியில், பதில் கிடைப்பது நான்காம் தொகுதியின் கடைசிப் பக்கங்களில். நடுவில் வாசகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு லைப்ரரிக்கு நடக்க வேண்டியதுதான். (இருநூறு வருடம் தாண்டியாயிற்று, சொல்லிவிடலாம்: பிணம் போலச் செய்த மெழுகு பொம்மை.) எல்லா அமானுஷ்யத்துக்கும் கடைசியில் இப்படி ஒரு சாதாரண விளக்கம் கொடுப்பது அவர் வழக்கம். பலருக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு பயப்பட வைத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்ற குறை வால்டர் ஸ்காட் வரைக்கும் இருந்தது. நியாயமான குறைதான்!

இந்த வாசகர்களின் பேச்சை அப்படியே பிடித்து வைத்திருப்பது ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி'. பாத் என்ற ஊற்றுநீர் நகரம், வசதியானவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள என்ற பெயரில் ஊர்சுற்ற வரும் இடம். அங்கே பதினேழு வயது கேத்தரினும் புதுத்தோழி இஸபெல்லாவும் சந்திக்கிறார்கள். மழை பெய்தால் கதவைச் சாத்திக்கொண்டு சேர்ந்து நாவல் படிப்பார்கள். கேத்தரின் அந்தக் கருப்புத் திரை கட்டத்தில் இருக்கிறாள். உள்ளே இருப்பது ஓர் எலும்புக்கூடுதான் என்று அவளாக ஊகிக்கிறாள், ஆனால் என்ன ஆனாலும் சொல்லிவிடாதே என்று தோழியிடம் கெஞ்சுகிறாள். 'ஸ்பாய்லர்' என்ற வார்த்தை இல்லாத காலத்திலேயே ஸ்பாய்லர் பயம் இருந்திருக்கிறது! உடால்ஃபோ முடிந்ததும் படிக்க இஸபெல்லா ஏழு நாவல்களின் பட்டியலையே வைத்திருக்கிறாள். கேத்தரினுக்கு ஒரே கவலைதான்: எல்லாமே பயங்கரமாக இருக்குமா? நிச்சயமா?

பெண்கள் மட்டும்தான் படித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கதாநாயகன் ஹென்றி, உடால்ஃபோவை இரண்டே நாளில் முடித்தவன். தங்கைக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, அவள் ஐந்து நிமிடம் எழுந்து போன இடைவெளியில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். இன்னொருத்தன் ஜான் தார்ப். நாவலே படிக்க மாட்டேன் என்று பீற்றிக்கொள்வான், ஆனால் 'தி மங்க்' மட்டும் பிரமாதம் என்பான். இந்த ஆசாமி எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு.

அந்த 'தி மங்க்' விவகாரம் தனிக் கதை. எழுதிய மாத்யூ லூயிஸுக்கு அப்போது இருபது வயது கூட ஆகவில்லை. ஹாலந்தில் இருந்தபோது உடால்ஃபோவைப் படித்து மயங்கினான். பத்தே வாரத்தில் எழுதி முடித்துவிட்டதாக அம்மாவுக்குக் கடிதம் போட்டான். ராட்கிளிஃப் போல மெழுகு பொம்மை வேலையெல்லாம் இவனிடம் கிடையாது. நிஜப் பேய், நிஜச் சாத்தான், கொலை, பாலியல் வன்முறை எல்லாம் உண்டு. 1796இல் பெயர் போடாமல் வந்தபோது நன்றாகத்தான் போனது. அதே வருடம் லூயிஸ் பாராளுமன்ற உறுப்பினர் ஆனான். இரண்டாம் பதிப்பில் பெயரோடு எம்.பி. என்ற பட்டத்தையும் பெருமையாகப் போட்டுக்கொண்டான். அங்கேதான் சனி பிடித்தது. நாட்டுக்குச் சட்டம் செய்யும் மனிதர் எழுதுகிற கதையா இது என்று கிளம்பிவிட்டார்கள்.

1797இல் 'கிரிட்டிகல் ரிவ்யூ'வில் விமர்சனம் எழுதியவர் கவிஞர் கோல்ரிட்ஜ். எழுத்தாளனின் திறமையை ஒப்புக்கொண்டார். ஆனால் மகன் கையிலோ மகள் கையிலோ இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் பெற்றவர் முகம் வெளிறினாலும் தப்பில்லை என்ற பொருளில் எழுதினார். தாமஸ் மத்தியாஸ் என்பவர் ஒருபடி மேலே போய், இதில் வழக்குப் போடத்தக்க பகுதி இருக்கிறது என்றார். வேடிக்கை என்னவென்றால், எல்லோரையும் அதிகம் கொதிக்க வைத்தது பேயோ கொலையோ இல்லை. கதையில் ஒரு தாய், பைபிளில் சிறு பெண்கள் படிக்கக்கூடாத பகுதிகள் இருக்கின்றன என்று அவற்றை நீக்கித் தன் கையால் பிரதி எடுத்து மகளுக்குக் கொடுக்கிறாள். இந்த இடம்தான்! புத்தகத்தைச் சென்சார் செய்யும் தாயைப் பற்றி எழுதியதற்காக லூயிஸின் புத்தகம் சென்சார் ஆனது. 1798இன் நான்காம் பதிப்பில் அவனே கத்தரியை எடுத்து வெட்டித் தள்ளினான். அப்பாவுக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதினான். பாவம், அப்போதும் வயது இருபத்திரண்டுதான்.

அதே சமயம் பத்திரிகைகளில் கிண்டலும் நடந்தது. மருந்துச் சீட்டு போல ஒரு செய்முறை வெளியானது: பாழடைந்த கோட்டை ஒன்று, கதவுகள் நிறைந்த நீண்ட நடை ஒன்று, கொலையுண்ட உடல்கள் மூன்று... கலக்கி மூன்று தொகுதிகளாக்கிப் படுக்கப் போகுமுன் சாப்பிடவும்! சிரிப்பு வரத்தான் செய்கிறது. இந்த நாவல்களில் முக்கால்வாசி ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தவை, மறுக்க முடியாது. ஆனால் படித்தவர்கள் ஏன் விடாமல் படித்தார்கள் என்று கிண்டல் செய்தவர்கள் கேட்கவில்லை. கேட்டவர், யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆள்: பிரான்சின் மார்க்கி த ஸாத். 1800இல் எழுதிய கட்டுரையில், புரட்சி உலுக்கிய ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கதைகள் வந்தே தீரும் என்றார். நான்கைந்து வருடங்களில் ஜனங்கள் பட்ட பாடு, நாவலாசிரியர் நூறு வருடம் கற்பனை செய்தாலும் எட்டாதது என்பது அவர் வாதம். பாரீஸ் சிறைகளில் கிடந்த மனிதர், தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

ராட்கிளிஃப் எந்தச் சண்டையிலும் இறங்கவில்லை. 'தி இட்டாலியன்' நாவலே லூயிஸுக்கு அவர் சொன்ன பதில் என்று பலர் கருதுகிறார்கள்: அதே கெட்ட துறவி, ஆனால் ஆபாசம் இல்லை. அதற்குப் பிறகு 1823இல் இறக்கும் வரை ஒரு நாவல்கூட வெளியிடவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வதந்தி பரவியது. பேய்க்கதை எழுதினால் அப்படித்தான் ஆகும் என்று ஜனங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்போது அந்த ஏழு புத்தகங்களுக்கு வருவோம். ஆஸ்டின் தன் நாவலை 1803இல் க்ராஸ்பி என்ற பதிப்பாளருக்கு விற்றார். விலை பத்து பவுண்டு. உடால்ஃபோவின் 500 எங்கே, இது எங்கே! வாங்கிய மனிதர் அச்சிடவே இல்லை. ஆறு வருடம் பொறுத்து, 1809இல் 'மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்' என்ற பொய்ப்பெயரில் ஆஸ்டின் ஒரு காட்டமான கடிதம் எழுதினார். அந்தப் பெயரின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்தால் 'மேட்', அதாவது கோபக்காரி. பத்து பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்துப் பிரதி கிடைக்கும் என்று பதில் வந்தது. பணம் கொடுத்து மீட்டது 1816இல்தான். பதின்மூன்று வருடத்தில் புத்தகங்களும் ரசனையும் மாறிப்போனதே என்று ஆஸ்டின் வாசகர்களுக்கு ஒரு சமாதானக் குறிப்பு எழுதி வைத்தார். 1817 ஜூலையில் அவர் இறந்தார், டிசம்பரில் நாவல் வந்தது.

அதற்குள் இஸபெல்லாவின் பட்டியலில் இருந்த நாவல்களை உலகம் மறக்கத் தொடங்கியிருந்தது. வாடகைப் புத்தகங்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. தூக்கிப் போட்டார்கள், யார் பாதுகாப்பார்கள்? நூறு வருடம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தவர்களில் பலர், இவை ஆஸ்டின் கேலிக்காக இட்டுக்கட்டிய தலைப்புகள் என்றே நினைத்தார்கள். 'ஹாரிட் மிஸ்டரீஸ்' என்றெல்லாம் நிஜமாகவே ஒரு புத்தகம் இருக்குமா என்ன! இருந்தது. மைக்கேல் சாட்லெய்ர், மாண்டேக் சம்மர்ஸ் போன்ற புத்தகப் பைத்தியங்கள் தேடி அலைந்து, ஏழும் நிஜம் என்று நிரூபித்தார்கள். சாட்லெய்ர் 1927இல் இதைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஏழில் ஆறு, மினர்வா பிரஸ் சரக்கு. மிச்சம் ஒன்று, பாதிரியார் விடுதியில் படித்த 'தி மிட்நைட் பெல்'. ஆக, அப்பா படித்ததைத்தான் மகள் கதையில் சேர்த்திருக்கிறாள்!

1968இல் லண்டனின் ஃபோலியோ பிரஸ் ஏழையும் ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்தது. அதன் பதிப்பாசிரியர் தேவேந்திர வர்மா, இந்தியாவில் பிறந்து கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர்.

பட்டியலில் இரண்டு புத்தகங்கள் ஒரே ஆளுடையவை: 'காஸில் ஆஃப் வுல்ஃபென்பாக்' (1793), 'தி மிஸ்டீரியஸ் வார்னிங்' (1796). எழுதியவர், எட்டுப் பிள்ளைகளின் தாயான அதே எலைசா பார்சன்ஸ். க்ராஸ்பி 1803இலேயே அச்சிட்டிருந்தால், பாத் நகரத்தில் இரண்டு பெண்கள் தன் கதைகளுக்காக ஏங்குவதை அவரும் படித்திருக்கலாம். அவர் இறந்தது 1811இல்.