வாக்கின்றி வந்த தலைவர்

இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிய 1964ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இர்விங் வாலஸின் ‘தி மேன்’ புதினத்தில், டக்ளஸ் டில்மன் என்னும் கறுப்பினத்தவர் குடியரசுத் தலைவராகிறார். ஆனால் மக்கள் வாக்களித்து அல்ல, பிராங்க்ஃபர்ட்டில் கட்டடம் இடிந்து தலைவர் மாண்டதாலும், பதவி வரிசையில் அடுத்திருந்தவர்களும் உயிரோடு இல்லாததாலும், செனட்டின் தற்காலிகத் தலைவராக, அதாவது துணைத் தலைவர் இல்லாதபோது மேலவையை நடத்துபவராக இருந்த அவரிடம் பதவி வந்து சேர்கிறது. கறுப்பினத் தலைவரை விபத்தின் வழியாக மட்டுமே கற்பனை செய்ய முடிந்த நாட்டின் தயக்கத்தை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிவிடாது. பதவியேற்ற டில்மன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டும் பாய்கிறது. 1998இல் ‘டீப் இம்பாக்ட்’ திரைப்படத்தில் மார்கன் ஃப்ரீமன் தலைவராக வந்து, மோதவரும் வால்மீனைப் பற்றித் தொலைக்காட்சியில் அறிவிக்கும்போதோ, அவரது நிறம் கதையில் ஒரு பொருட்டாகவே இல்லை. பராக் ஒபாமா வென்றது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2008இல்.