நாயின் குடல்நோயறிதலில் குருதிச் சோதனையின் இடம்: சாந்திபுரம், திருப்பதிச் சூழலை முன்வைத்து

நாய்க்கு வரும் வாந்தியும் கழிச்சலும் நோய்கள் அல்ல, அறிகுறிகள். குடலில் புழு இருந்தாலும், சிறுநீரகம் பழுதானாலும், கணையம் அழன்றாலும் நாய் இவ்விரண்டையே காட்டுகிறது. எனவே குருதிச் சோதனையின் முதற்பயன் குடல்நோய்க்குப் பெயர் சூட்டுவதன்று. குடல்நோய்போல் தோன்றும் பிற உறுப்பு நோய்களை விலக்குவதும், நாயின் நிலை எவ்வளவு மோசம் என்று அளப்பதுமே. மலத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் நீண்ட சோதனைப் பட்டியலுக்குச் செலவிடுவது முறையன்று.

சோடியம்-பொட்டாசியம் விகிதம் இதற்குத் தக்க சான்று. அது 27க்குக் கீழே இறங்கினால் அண்ணீரகச் சுரப்பி குன்றும் அடிசன் நோயை ஐயுற வேண்டும். ஆனால் கடுமையான சாட்டைப்புழுத் தொற்றும் அதே எண்ணைத் தரக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்ட மலச் சோதனையும் கார்ட்டிசால் அளவும் தேவை. யூரியா மட்டும் உயர்ந்து கிரியேட்டினின் இயல்பாக இருந்தால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ குருதி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அல்புமின் மட்டும் குறைந்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் முதலில் ஆராய்வர். குளோபுலினும் கூடவே குறைந்தால் குடல்வழிப் புரத இழப்பின் மீது ஐயம் வலுக்கிறது.

பார்வோ நச்சுயிரி உலகெங்கும் அறியப்பட்டது 1978இல். 1980களிலேயே அது இந்திய நாய்களையும் தாக்கியது. இது குடலின் உட்படலத்தோடு எலும்பு மஜ்ஜையையும் அழிப்பதால் வெள்ளணுக்கள் சரிகின்றன. நலமான நாயில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 6,000 முதல் 17,000 வரை இருக்க வேண்டியவை சில நூறுக்குக்கூட இறங்கலாம். நோயை உறுதிசெய்வது மலத்தில் செய்யும் சோதனைதான். ஆனால் குட்டி பிழைக்குமா என்பதை நாள்தோறும் எடுக்கும் வெள்ளணுக் கணக்கே முன்கூட்டிச் சொல்கிறது. உண்ணி மிகுந்த சாந்திபுரம், திருப்பதிப் பகுதியில் தட்டணுக்களையும் எண்ணியாக வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்றில் தட்டணு குறைந்து மலம் கருத்துப்போவதைக் குடல்நோய் என்று மயங்குவது எளிது.

குடலையும் கணையத்தையும் நேரே தொடும் சோதனைகள் சிலவே. ஜெர்மன் ஷெப்பர்டு நாய் நன்றாகத் தின்றும் இளைத்து, கொழகொழவென்று மிகுதியாக மலம் கழித்தால், 12 மணி நேரப் பட்டினிக்குப் பின் எடுத்த சீரத்தில் டி.எல்.ஐ. எனும் டிரிப்சின்சார் புரத அளவு லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருப்பது கணையச் சுரப்புக் குறைபாட்டைத் திட்டமாகக் காட்டும். கணைய அழற்சிக்கு அமிலேஸை நம்பலாகாது, சிறுநீரகம் கெட்டாலும் அது உயரும்; கணையத்துக்கே உரிய லிப்பேஸ் சோதனை மேலானது. கடைச்சிறுகுடலில் உறிஞ்சப்படும் வைட்டமின் பி12 குறைந்திருந்தால் அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுசெய்யாமல் மற்றச் சிகிச்சை முழுப்பலன் தராது.

சாந்திபுரம் ஆந்திரத்தின் குப்பம் வட்டாரத்து மண்டலம். திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சோதனைக்கான குருதியைக் கொண்டுசெல்ல நெடும்பயணம் வேண்டும். குருதி அந்தப் பயணத்தில் மாறிவிடுகிறது. சீரத்தை அணுக்களோடு விட்டுவைத்தால் அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். உறைவுத் தடுப்பு சேர்த்த ஊதா மூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் தட்டணுக்கள் திரண்டு பொய்க்கணக்குத் தரும். குருதிப் பூச்சுக்கண்ணாடியைச் சாந்திபுரத்திலேயே தயாரித்து, சீரத்தைப் பிரித்துக் குளிரில் அனுப்புவதே சரி.

அனுப்பாமலே கிடைக்கும் செய்தியும் உண்டு. சில துளிக் குருதியை நுண்குழாயில் ஏற்றி ஐந்து நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் சிவப்பு: 37 முதல் 55 விழுக்காடு இயல்பு; 60ஐத் தாண்டி, ரத்தக் கழிச்சலும் இருந்து, புரதமும் உயராதிருந்தால் திடீர்க் குருதிக்கழிச்சல் நோய்; வெகுவாகக் குறைந்த வெளிறிய குட்டியில் கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும். நடுவில் நூலிழைபோல் வெள்ளணு அடுக்கு; பார்வோவில் அது கண்ணுக்கே தெரியாமல் மெலியும். மேலே பிளாஸ்மா: மஞ்சளாயின் காமாலை, பால்போல் கலங்கினால் கொழுப்பு மிகுதி. மாடுகளை நம்பி வாழும் இத்தகைய மண்டலங்களின் கால்நடை மருந்தகங்களுக்கு விலைமிக்க தானியங்கிப் பகுப்பானைவிட நுண்குழாய்ச் சுழற்றியும் நல்ல நுண்ணோக்கியுமே முதலில் வழங்கப்பட வேண்டும்.