எச்சரிக்கைக் கடிதத்தின் திகதி: பல்கலைக்கழகத் தரவுக் கசிவும் பிரியானி சொய்சா தீர்ப்பின் மறுவாசிப்பும்

பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாணவர் விவரங்கள் கசிந்தால் மனவேதனைக்கும் மானக்கேட்டுக்கும் நட்டஈடு கேட்க இலங்கைத் தீங்கியல் சட்டத்தில் வழியில்லை என்பது நம்மவர் எழுத்துகளில் ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டதாம். ஆகவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை பொறுத்திருப்பதே புத்தி என்கிறார்கள். அத்தீர்ப்பை இவ்வாதம் தேவைக்கு மேல் அகலித்து வாசிக்கிறது என்பது என் கருத்து. பொறுத்திருக்கச் சொல்லும் ஆலோசனை அதைவிட ஆபத்தானது.

பொறுத்திருந்தவர் கதையை முதலில் பார்த்துவிடலாம். 2022 மார்ச் 19இல் அச்சட்டம் சான்றுப்படுத்தப்பட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 20இல், அரசாங்கத்துக்கு எதிரான போராட்டங்கள் உச்சத்தில் இருந்தபோது, அநோனிமஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள், மாணவரைத் தனியார் உயர்கல்வி நிறுவனங்களோடு இணைக்கும் ஶ்ரீலங்கா ஸ்கொலர் தளத்திலிருந்து ஆயிரக்கணக்கான பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வெளியிட்டதாக அறிவித்தார்கள். அரசோடு கோபம்; அகப்பட்டதோ மாணவர். சட்டம் அப்போது ஏட்டில் இருந்தது. ஆனால் தரவு வைத்திருப்பவரின் கடமைகளையும் தரவுக்குரியவரின் உரிமைகளையும் பேசும் பகுதிகள் நடைமுறையில் இல்லை. அவற்றுக்கென்று குறித்த 2025 மார்ச் 18உம் தள்ளிப்போய், அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது.

கொழும்புத்துறையில், இறங்குதுறைக்குக் கிட்ட வீடுள்ள ஒரு முதலாம் வருட மாணவியை எடுத்துக்கொள்வோம். கசிந்த அட்டவணையில் அவளுடைய பெயர், விலாசம், கைபேசி இலக்கம், மஹாபொல கொடுப்பனவு போகும் வங்கிக் கணக்கு, தேசிய அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரே வரியில் கிடக்கின்றன. அந்த அடையாள அட்டை இலக்கத்தைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். 2003520 என்று தொடங்கினால், அதை வைத்திருப்பவர் 2003 ஜனவரி 20இல் பிறந்த பெண். முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். கடவுச்சொல்லை மாற்றலாம், சிம் அட்டையை மாற்றலாம். பிறந்த நாளை மாற்ற ஏலாது. கைபேசி இலக்கம் தானே, என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்கள் நம் வளாகங்களை அறியாதவர்கள். புதுமுக மாணவிகளின் இலக்கங்கள் மூத்த மாணவர் கைக்குப் போனால் நள்ளிரவில் யார் அழைப்பார்கள், என்ன பேசுவார்கள் என்பது தெரிந்ததே; வளாகங்களின் பகிடிவதைக்கு எதிராகத் தனியே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. அவளுக்கு யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம் சைக்கிள் தூரம். உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையோ இரவு பஸ் தூரம். எந்தப் பரிகாரம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அவளுக்கு ஏட்டுக் கேள்வி ஆகாது.

இனித் தீர்ப்புக்கு வருவோம். மூளையில் ஏற்பட்ட கட்டியால் சிறுமி ஒருத்தி இறந்தாள். நோயை உரிய வேளையில் கண்டறியவில்லை என்று மருத்துவப் பேராசிரியர் மீது தந்தை வழக்கிட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றவர் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். தோல்விக்குக் காரணம் இரண்டு. கவனயீனம் இருந்தபோதிலும் அதுவே மரணத்துக்கு வழிவகுத்தது என்பது நிறுவப்படவில்லை. மேலும், கவனயீனத்தால் நேரும் இழப்புக்கான லெக்ஸ் அக்குவிலியா வழக்கில் சொத்துவழி இழப்புக்கே நட்டஈடு உண்டு. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்த தந்தையின் துயரம் அதில் அடங்காது.

முதல் காரணமே வழக்கை முடித்துவிட்டதால் இரண்டாவது வெறும் பக்கக் குறிப்பு என்று வாதாட இடமுண்டு. அவ்வளவு தூரம் போக நான் துணியமாட்டேன். நட்டஈட்டுக் கேள்வியை நீதிமன்றம் நேராக எதிர்கொண்டு, மூல நூல்களைத் துருவிப் பதில் சொன்னது. கீழ் நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்த வழக்கில் வழக்காளி யார்? தீங்கு நேர்ந்த உடலுக்கு உரியவரல்லர். இன்னொருவருக்கு நேர்ந்த தீங்கினால் துயருற்றவர். நீதிமன்றம் மறுத்தது உறவினரின் துயரத்துக்கான ஆறுதற் பணத்தை. நம் மாணவியோ தனக்கே நேர்ந்ததைச் சொல்லி வருகிறாள். இந்த வேறுபாட்டை முன்னைய எழுத்துகள் ஒரு வரியிலாவது கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த வேறுபாட்டின் பயன் மூன்று படியில் வரும். சிம் மாற்றிய காசு, கணக்கை மூடித் திறந்த செலவு, வேலை விட்டு அலைந்த தகப்பனின் நாட்கூலி ஆகியவை தொகை சிறிதானாலும் சொத்துவழி இழப்பே. அத்தீர்ப்பின்படியே இவை கிடைக்கும். அடுத்தது, உரோமன் டச்சுச் சட்டத்தில் அக்குவிலியாவுக்கு அருகே தனியாக நிற்கும் உடல்நோவுக்கான வழக்கு. நரம்பையும் மூளையையும் தாக்கிய அதிர்ச்சி உடற்காயமே என்று தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் பெஸ்டர் வழக்கில் தீர்த்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒரே வேரில் கிளைத்தது. வெறும் கலக்கம் இதற்குப் போதாது. மனநல மருத்துவரின் அறிக்கை வேண்டும்.

மூன்றாவது படியில்தான் விடயம் இருக்கிறது. மானத்தையும் அந்தரங்கத்தையும் காக்கும் வழக்கு அக்சியோ இன்ஜூரியாரம். அனுமதியின்றி ஒரு பெண் பத்திரிகையாளரின் படத்தைத் துப்பாக்கி விளம்பரத்தில் போட்டதை 1954இல் ஓகீஃப் வழக்கில் தென்னாபிரிக்காவின் கேப் நீதிமன்றம் இதன்கீழ்தான் கண்டித்தது. இங்கே மனவேதனைக்கு நேரடியாகவே நட்டஈடு உண்டு. சொத்திழப்பைக் காட்டத் தேவையில்லை. ஆனால் உள்நோக்கத்தைக் காட்டவேண்டும். பல்கலைக்கழகம் தன் மாணவரைக் கெடுக்க நினைக்குமா என்று கேட்டு முன்னைய வாதம் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுகிறது. நினைக்காதுதான். எனினும் இம்மரபில் உள்நோக்கத்துக்கு இன்னொரு முகமுண்டு, டோலஸ் எவென்சுவாலிஸ் என்பார்கள். கேடு வரக்கூடும் என்று அறிந்தும், வந்தால் வரட்டும் என்று இருப்பது.

ஒப்பீட்டுக்கு இலண்டன் கிரீனிச் பல்கலைக்கழகத்தை எடுக்கலாம். 2004இல் ஒரு மாநாட்டுக்காக அமைத்த சிறு தளத்தை மூடாமலே விட்டிருந்தார்கள். 2013இலும் 2016இலும் அதன்வழி ஊடுருவல் நடந்து 19,500 பேரின் விவரம் வெளியாகி, 2018 மே மாதத்தில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 1,20,000 பவுண் தண்டம் விதித்தார். மறந்து கிடந்த கதவு அது. என் வாசிப்பில் இத்தகைய மறதி கவனயீனத்தோடு நின்றுவிடும், உள்நோக்கம் ஆகாது. ஆனால் அதே கதவு திறந்து கிடப்பதை ஒரு மாணவரோ விரிவுரையாளரோ கணினிப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, கடிதம் பதிவாளரின் மேசையைத் தொட்டு, அதன் பிறகும் கதவு திறந்தே இருந்தால்? அந்தத் திகதியிலிருந்து பல்கலைக்கழகம் அறிந்து இடங்கொடுத்த ஒன்றாகிவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் தன் பெயரில் வழக்காடக்கூடிய கூட்டுருவாக்கியிருக்கிறது. பதிவாளர் அறிந்தது நிறுவனம் அறிந்தது என்று வாதிக்க அதுவே வழி. இலங்கை நீதிமன்றம் எதுவும் தரவுக் கசிவில் இப்படித் தீர்த்ததாக நான் சொல்லவில்லை. மறுத்துத் தீர்க்கவுமில்லை என்றே சொல்கிறேன்.

அப்படியானால் வழக்கின் முதல் வேலை அந்தக் கடிதத்தைத் தேடுவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம் உட்பட, அதன்கீழ் பகிரங்க அதிகாரசபை. கொழும்புத்துறையிலிருந்து தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். ஆனால் தகவல் அலுவலர் முடிவெடுக்க 14 வேலை நாட்கள், முடிவின் பின் தகவல் தர இன்னும் 14 நாட்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுவுக்குக் கிடைப்பதோ ஒரே மாதம். ஆதாரம் கைக்கு வரும்போது மனுவின் காலம் போயிருக்கும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவு இந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்டவேண்டும் என்று பின்னைய தீர்ப்புகள் இறுக்கியிருப்பதையும் மறக்கலாகாது. அந்தரங்கம் நம் அரசியலமைப்பில் தனி உரிமையாக இல்லாததால் மனு 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவத்தில்தான் தொங்கவேண்டும். ஆகவே அதை நான் முதல் வழியாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

மற்றவற்றுக்கு அதிக இடம் வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் குற்றவாளியிடமிருந்து நட்டஈடு வாங்கித் தரும், குற்றவாளி அகப்பட்டால். ஐரோப்பிய நீதிமன்றம் 2023இல் வெறும் அச்சமும் நட்டமாகலாம் என்று சொன்னது, பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021இல் லொயிட் எதிர் கூகிள் வழக்கில் எதிர்ப்பக்கம் போனது இரண்டும் அவரவர் சட்ட வாசகத்தில் பிறந்தவை; நமக்கு அவற்றால் பெரிய உதவியில்லை. ஒப்பந்த மீறலென்று வழக்கிடலாமே என்றால், இலவசக் கல்வியில் கட்டணமே இல்லாதபோது ஒப்பந்தம் ஏது என்பார்கள். 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் கோமறைக் கழகம், இந்நாட்டு ஒப்பந்தத்துக்கு ஆங்கிலேயர் கேட்கும் கைம்மாறு தேவையில்லை, நியாயமான காரணம் போதும் என்று தீர்த்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். வழக்குகள் பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கசிவைக் குறைத்தால் வழக்கும் குறையும்.

காலாவதி இருக்கிறதே, அதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, நட்டஈட்டு வழக்கை வழக்கு மூலம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கச் சொல்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள். 2022 ஏப்ரலில் தம் விவரம் வெளியாகி அப்போதே நட்டப்பட்டவர்களுக்குத் தீங்கியல் வழக்கின் காலம் 2024 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அவர்கள் காத்திருக்கச் சொல்லப்பட்ட சட்டத்தின் உரிமைப் பகுதிகள் அன்றைக்கும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.